பெற்றோருடன் ஜப்பானில் ஓர் இரவு: ஹகோனே, கினோசாகி, கோயாசான், எந்த மரபு விடுதி?

கேள்வி

வணக்கம். நவம்பர் நடுவில் பெற்றோரை அழைத்துக்கொண்டு டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் செல்கிறேன். ஓர் இரவையாவது ரியோகான் எனப்படும் மரபு விடுதியில், பாய் பரப்பிய அறையில் படுத்து, வெந்நீர் ஊற்றில் குளித்துக் கழிக்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. ஹகோனே, கினோசாகி, கோயாசான் ஆகிய மூன்று ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அம்மா மீனும் முட்டையும் தொடாதவர். பிறர் முன்னிலையில் குளிக்கக் கூச்சப்படுவார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் 1

அறையின் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உணவிலிருந்து தொடங்குங்கள். ரியோகானில் கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு விருந்தும் காலை உணவும் அதில் அடங்கும். அந்தச் சமையலில் மீன் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். நம் மாசிக் கருவாட்டைப் போலவே சூரை மீனைப் புகையூட்டி உலர்த்திச் சீவி, கடற்பாசியோடு சேர்த்து இறக்கும் தாஷி என்னும் சாறுதான் மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்புக்கும் வேகவைத்த காய்கறிக்கும் அடிப்படை. ஆகவே சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. மீன் சாறும் கூடாது என்று முன்பதிவின்போதே தெளிவாகக் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். விருந்துக்கான பொருள்களை முன்கூட்டியே வாங்கிவிடுவதால், போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் அவர்களால் மாற்ற இயலாது.

கினோசாகி எனக்கு மிகவும் பிடித்த ஊர். விடுதியில் தங்குபவர்கள் யுகாதா என்னும் தளர்வான பருத்தி உடை அணிந்து, ஓடைக்கரை வழியாக ஊரின் பொதுக் குளியலகங்களுக்கும் கட்டணமின்றிச் சென்று வரலாம். ஆனால் நவம்பரில் அங்கே நண்டுப் பருவம்; விலையும் ஏறும், விருந்து முழுவதும் நண்டாகவே இருக்கும். தங்கள் அம்மாவுக்கு அந்த ஊரை இந்த மாதத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 2

அப்பாவின் ஆசை வெந்நீர் ஊற்று என்பதால், நான் ஹகோனேயைச் சொல்வேன். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஏறத்தாழ 85 நிமிடங்களில் ஹகோனே-யுமோட்டோவை அடையலாம். பொதுக் குளியலில் ஆண்களும் பெண்களும் தனித்தனி என்றாலும், நீருக்குள் உடையோடு இறங்க முடியாது. அம்மா அதை ஏற்க மாட்டார் என்றால், குறிப்பிட்ட நேரத்துக்குக் குடும்பமாக எடுத்துக்கொள்ளும் கஷிகிரி குளியலோ, அறையோடு இணைந்த குளியலோ உள்ள விடுதியைத் தேடுங்கள். கட்டில் உள்ள ஜப்பானிய-மேற்கத்தியக் கலப்பு அறையும், உணவுக்கு நாற்காலியும் வேண்டும் என்று கேட்டால் முழங்கால் கவலை பெருமளவு தீரும்.

பதில் 3

முந்தைய இருவரும் கோயாசானைத் தொடவில்லை; அம்மாவை எண்ணினால் அதுவே முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்குள்ளவை ரியோகான்கள் அல்ல, யாத்ரீகர்களைத் தங்கவைக்கும் ஷுகுபோ என்னும் கோயில் விடுதிகள். 816இல் கூக்காய் என்னும் துறவிக்கு அரசர் அளித்த கோயாசான் மலையில், ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் இன்றும் விருந்தினரை ஏற்கின்றன. உணவு ஷோஜின் ரியோரி: இறைச்சி, மீன் கிடையாது, மரபுப்படி வெங்காயம், பூண்டுகூட இல்லை. உறையவைத்து உலர்த்திய டோஃபுவும் எள் டோஃபுவும் அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். காலை வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். சில கோயில்களில் நம் வேள்வியின் வழிவந்த தீச்சடங்கையும் காணலாம்.

குறைகளும் உண்டு. ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயில், பிறகு இழுவை ரயில், அதன்பின் பேருந்து என்று மாற வேண்டும். நவம்பரில் குளிர் கடுமை. பல இடங்களில் கழிப்பறையும் குளியலறையும் பொது. குளியல் பெரும்பாலும் சாதாரண வெந்நீரே. ஊற்றுநீர் வேண்டுமென்றால் ஃபுகுச்சி-இன் கோயிலைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அம்மாவுக்காகக் கோயாசானில் தங்கிவிட்டு, ஹகோனேயில் பகலில் மட்டும் குளித்துத் திரும்ப முடியுமா?

பதில் 2

முடியும். தங்காதவர்களையும் பகல் குளியலுக்கு அனுமதிக்கும் இடங்கள் ஹகோனே-யுமோட்டோவில் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றில் தனிக் குளியலறையும் வாடகைக்குக் கிடைக்கும். வார இறுதியைத் தவிர்த்து, தனி அறையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.