பாதல் மூன்று சக்கரக் கார்: கிராங்க் சீல் அளவு தெரிந்தவர்கள் உதவுங்கள்

என்னிடம் இருப்பது எழுபதுகளில் பெங்களூரு சன்ரைஸ் கம்பெனி செய்த பாதல், அதாவது பின்னாளில் சிபானி என்ற பெயரில் டால்ஃபின் காரைக் கொண்டுவந்தார்களே, அவர்களுடைய முதல் வண்டி. மூன்று சக்கரம், ஃபைபர் பாடி, 198 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஓசூரில் ஓட்டுகிறேன்.

இரண்டு மாதமாக, இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. நிற்பதற்கு முன் ஆக்சிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் தானாக வேகமெடுத்து அலறும், பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கிறது. ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

கார்புரேட்டரைக் கழுவியாயிற்று, ஜெட், பெட்ரோல் டியூப், பிளக், இன்டேக் கேஸ்கெட் எல்லாம் புதுசு. ஆயில் கலவையையும் அளந்து பார்த்துவிட்டேன். எங்கோ காற்று இழுக்கிறது, கிராங்க் சீல்தான் (கிராங்க் ஷாஃப்ட் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) என்கிறார் மெக்கானிக், ஆனால் மாற்று சீல் கைக்கு வராமல் எஞ்சினைப் பிரிக்க மாட்டேன் என்கிறார், பழசு கழற்றும்போதே கிழிந்துவிடுமாம், அதுவும் நியாயம்தான். ஓசூர், பெங்களூரு கடைகளில் இந்த வண்டியின் பெயரே யாருக்கும் தெரியவில்லை.

பாதல் எஞ்சினுக்கு வேறு எந்த ஸ்கூட்டர் அல்லது ஆட்டோவின் கிராங்க் சீல் பொருந்தும்?