அவிசுவாசிகளின் ஜெபத்தை ஆண்டவர் கேட்பாரா? யோவான் 9:31 பற்றி ஒரு சந்தேகம்

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பாளையங்கோட்டைப் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்தவள். ஆனால் அவள் அம்மா, அதாவது என் அத்தை, இன்றைக்கும் இந்துதான். அவர் வீட்டு அலமாரியில் திருச்செந்தூர் முருகனும் இருப்பார், பக்கத்திலேயே வேளாங்கண்ணி மாதாவும் இருப்பார். எங்கள் பையன் போன மாதம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை "இயேசப்பா, என் பேரனைக் காப்பாத்திக் கொடு" என்று ராத்திரி முழுக்க அழுதார். பையன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான்.

அப்புறம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். செய்தி கொடுக்க வந்த ஊழியர் ஒருவர், "இரட்சிக்கப்படாதவர்களுடைய ஜெபம் கூரையைத் தாண்டிப் போகாது, இந்தப் பிள்ளை பிழைத்தது விசுவாசிகள் முழங்கால் போட்டதால்தான்" என்று சொல்லி, "பாவிகளுக்குத் தேவன் செவிகொடுக்கிறதில்லை" என்கிற வசனத்தை எடுத்து வாசித்தார். அத்தை அடுத்த அறையில்தான் இருந்தார். அதன்பிறகு குடும்ப ஜெபத்துக்கு அவர் வருவதில்லை.

என் கேள்வி இரண்டுதான். வேதம் நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறதா? அப்படியென்றால் அப்போஸ்தலர் 10-இல் வரும் கொர்நேலியுவை, யூதனும் கிறிஸ்தவனுமல்லாத அந்த ரோம நூற்றுக்கு அதிபதியை, என்ன செய்வது? இரண்டாவது, இரட்சிக்கப்படாதவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஜெபிக்கலாமா? தயவுசெய்து சபைச் சண்டை வேண்டாம்.

பழைய_ஏற்பாட்டு_வாசகன்:

சபைச் சண்டை வேண்டாம் என்று சொல்லி இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே பிரதர், சரி, முயற்சி செய்கிறேன்.

முதலில் அந்த வசனத்தைச் சொன்னது யார் என்று பாருங்கள். இயேசு சொல்லவில்லை, யோவானும் சொல்லவில்லை. பிறவியிலேயே குருடனாயிருந்து பார்வை பெற்றவன் பரிசேயர்களோடு மல்லுக்கு நிற்கும்போது சொல்கிறான். இயேசுவைப் பற்றி "இந்த மனுஷன் பாவி" என்று அவர்கள் அடித்துச் சொல்ல, "பாவிகளுக்கு தேவன் செவிகொடுக்கமாட்டார் என்பது உங்களுக்கே தெரியுமே, பிறகு எப்படி என் கண் திறந்தது" என்று அவர்கள் வாயை அவர்கள் கணக்கை வைத்தே அடைக்கிறான். அது வாதம். அதை உபதேசமாக எடுத்துக் கூட்டத்தில் வாசித்தால் யோபுவின் சிநேகிதர்கள் பேசியதையும், தேவனே தப்பு என்று சொன்னதையும், உபதேசமாக எடுக்கவேண்டி வரும். ஆதித் திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டின் யோவான் சுவிசேஷத்தைப் பிரசங்கித்தபோதே இந்த இடத்தில் நின்று, இவன் இன்னும் முழுசாகத் தெளிவு பெறாமல் பேசுகிறான், தேவன் பாவிகளுக்குச் செவிகொடுக்கமாட்டார் என்றால் ஆலயத்தில் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் நீதிமானாக வீட்டுக்குப் போனது எப்படி என்று கேட்கிறார். சுமார் 1600 வருஷமாக இருக்கிற பதில் இது.

இன்னொன்று. அவனுக்குப் பார்வை வந்தபோது இயேசு யார் என்றே அவனுக்குத் தெரியாது. விசுவாசிக்கிறேன் என்று சொல்லிப் பணிந்துகொள்வது 38-ஆம் வசனத்தில்தான். ஆனால் அவன் சீலோவாம் குளத்தில் கழுவிவிட்டு வந்தது 7-ஆம் வசனத்திலேயே நடந்துவிட்டது.

சரி, தேவன் கேட்கமாட்டேன் என்று நேரடியாகச் சொல்கிற இடங்கள் இல்லையா என்றால் நிறைய இருக்கின்றன. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கவனியுங்கள். ஏசாயா 1:15, எத்தனை ஜெபம் பண்ணினாலும் கேட்கமாட்டேன், உங்கள் கைகளில் இரத்தம் இருக்கிறது. சொல்வது எருசலேமில் பலி செலுத்திப் பண்டிகை கொண்டாடிக்கொண்டிருந்த சொந்த ஜனத்தைப் பார்த்து. ஏசாயா 59:2-உம் அவர்களைப் பார்த்துத்தான். நீதிமொழிகள் 28:9, வேதத்தைக் கேளாதபடி செவியை விலக்குகிறவனுடைய ஜெபம் அருவருப்பு. அவன் வேதம் கையில் இருக்கிறவன். சங்கீதம் 66:18 பாடுகிறவன் தன் இருதயத்தைப் பற்றித்தான் பாடுகிறான். புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் 1 பேதுரு 3:7 இருக்கிறதே, மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் உங்கள் ஜெபம் தடைபடும் என்று, அது விசுவாசியான புருஷனுக்கு எழுதப்பட்டது. அதை எந்த ஸ்தோத்திரக் கூட்டத்திலும் யாரும் எடுத்து வாசித்து நான் பார்த்ததில்லை.

வெளியாட்கள் விஷயத்தில் பாருங்கள். சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டை அன்றைக்கே, தூரதேசத்திலிருந்து வரும் அந்நியன் இந்த ஆலயத்துக்கு நேராக வேண்டிக்கொண்டால் அவன் கேட்கிறபடியெல்லாம் செய்யும் என்று ஜெபிக்கிறான் (1 இராஜாக்கள் 8). ஆபிரகாம் வீட்டிலிருந்து அனுப்பிவிடப்பட்ட எகிப்திய அடிமைப்பெண் ஆகாரின் பிள்ளை வனாந்தரத்தில் அழுதபோது தேவன் அந்தச் சத்தத்தைக் கேட்டார். நினிவேக்காரர்களுக்குக் கேட்டார். யோனாவின் கப்பலில் அவனவன் தன்தன் தேவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, கர்த்தரை அறிந்த ஒரே ஆள் கீழே படுத்துத் தூங்குகிறான், மாலுமி வந்து எழுப்பி ஜெபம் பண்ணச் சொல்லவேண்டியிருக்கிறது!

சிலுவை_மட்டும்:

வாசகன் அண்ணன் எழுதியதில் பாதி சரி. ஆனால் வாசிக்கிறவர்கள் தவறான முடிவுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கேட்பது வேறு, வாக்குத்தத்தத்தின்படி கேட்பது வேறு. தேவன் எல்லாவற்றையும் கேட்கிறவர், அதில் சந்தேகமே இல்லை, காக்கைக் குஞ்சுகள் கூப்பிடுவதையும் கேட்டு ஆகாரம் கொடுக்கிறார் என்று சங்கீதம் 147 சொல்கிறது. ஆனால் "என் நாமத்தினாலே எதைக் கேட்டாலும் செய்வேன்" என்பது சீஷர்களுக்குக் கொடுத்த வார்த்தை. பிதாவின் சந்நிதியில் நுழைகிற தைரியம் இயேசுவின் இரத்தத்தினால் என்று எபிரெயர் 10:19 சொல்கிறது. அந்த உரிமை மறுபடியும் பிறந்தவனுக்கு இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை. மற்றவனுக்கு அவர் இரங்கலாம், இரங்குகிறார், ஆனால் அது அவருடைய இரக்கம்.

கொர்நேலியு விஷயத்தில் எல்லாரும் 4-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவனுடைய ஜெபங்களும் தருமங்களும் தேவசந்நிதியில் எட்டின, உண்மைதான். எட்டின பிறகு தேவன் என்ன செய்தார்? இப்படியே இருந்துகொள் என்று சொல்லவில்லை. யோப்பாவுக்கு ஆள் அனுப்பிப் பேதுருவை வரவழைக்கச் சொன்னார். ஏன் என்பது 11:14-இல் இருக்கிறது, நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவதற்கேதுவான வார்த்தைகளை அவன் சொல்வான் என்று. ஜெபம் கேட்கப்பட்டதன் அடையாளமே சுவிசேஷம் அவன் வீட்டுக்கு வந்ததுதான்.

அப்புறம் கேட்டது கிடைத்துவிட்டால் தேவன் நம்மை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை. மாற்கு 5-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பிசாசு பிடித்த ஒருவனை இயேசு குணமாக்குகிற அந்த அதிகாரத்தின் முதல் பகுதியில் அவரிடம் மூன்று வேண்டுதல்கள். பன்றிகளுக்குள் போக உத்தரவு கொடும் என்று பிசாசுகள் கேட்டன, கொடுத்தார். எங்கள் எல்லையைவிட்டுப் போய்விடும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள், போய்விட்டார். உம்மோடேகூட இருக்கட்டுமா என்று குணமானவன் கேட்டான், அவனுக்கு மட்டும் முடியாது என்றார். பவுலும் தன் சரீரத்தில் "முள்" என்று சொன்ன பாடு நீங்குவதற்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டான், கிடைத்தது "என் கிருபை உனக்குப் போதும்" என்கிற பதில். ஆகவே பிள்ளை தேறியது யாருடைய ஜெபத்தால் என்று கணக்குப் போடுவதே தப்பு. அந்த ஊழியர் போட்டதும் தப்பு, அத்தை ஜெபத்தால்தான் என்று நாம் போட்டாலும் தப்பு.

நாகை_கடலோரம்:

நான் கத்தோலிக்கன், வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊர். உங்கள் அத்தை மாதிரி ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருநாள் வரைக்கும் வந்து பாருங்கள், மொட்டை போடுகிறவர்களும் பேராலயத்திலிருந்து மாதா குளம் வரைக்கும் மணலில் முழந்தாளிட்டுப் போகிறவர்களும் எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் கேட்பதும் இல்லை. இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் வருவார்கள்.

இது மக்கள் பழக்கம் மட்டும்தான், திருச்சபை போதனை வேறு என்று நினைக்காதீர்கள். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் 16-ஆம் பகுதி இதைத்தான் பேசுகிறது. தங்கள் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சி காட்டுகிறபடி நடக்க முயல்கிறவர்களும் மீட்புப் பெற முடியும் என்கிறது. மீட்பே முடியும் என்றால் ஒரு பாட்டியின் மன்றாட்டு எட்டாதா?

சேர்ந்து செபிக்கலாமா என்கிற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1986 அக்டோபர் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அசிசி நகருக்குப் பல சமயத் தலைவர்களையும் அழைத்தார். பெரிய எதிர்ப்பு வந்தது, பழைய மரபை விடாத கத்தோலிக்கர்களின் தலைவரான பேராயர் லெஃபெவ்ர் போன்றவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆனால் திருத்தந்தை கவனமாகத்தான் இருந்தார்: ஒரே செபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லவில்லை, செபிப்பதற்காக ஒன்றாக வந்தார்கள், அவரவர் வழியில் அவரவர் செபித்தார்கள்.

ஒன்றிலும்_சேராதவன்:

நான் எந்தப் பக்கமும் இல்லை, சும்மா ஒரு கேள்வி. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது அதே வேளாங்கண்ணிக் கடற்கரையில் செத்துப்போன யாத்ரீகர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருந்தார்கள், பெறாதவர்களும் இருந்தார்கள். அலை பார்த்து அடிக்கவில்லை. இதில் யார் ஜெபம் கூரையைத் தாண்டியது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

சிலுவை_மட்டும்:

அதைத்தானே மேலே எழுதினேன் ஐயா, கிடைத்ததையும் கிடைக்காததையும் வைத்துச் சொல்ல முடியாது என்று. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லியிருக்கிறார் (லூக்கா 13).

பழைய_ஏற்பாட்டு_வாசகன்:

சிலுவை தம்பி, மாற்கு 5 நல்ல எடுப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "உரிமை இல்லை" என்கிற இடத்திலிருந்து "கூரையைத் தாண்டாது" என்கிற இடத்துக்கு மேடையில் எவ்வளவு சீக்கிரம் சறுக்கிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. அமெரிக்காவில் 1980 ஆகஸ்டில் இது நடந்தது. தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்கிற பெரிய புராட்டஸ்டண்ட் சபை அமைப்பின் அப்போதைய தலைவர் பெய்லி ஸ்மித், டல்லாஸில் ஒரு பெரிய கூட்டத்தில், சர்வவல்ல தேவன் யூதனுடைய ஜெபத்தைக் கேட்பதில்லை என்று பேசினார். நீங்கள் சொல்கிற அதே காரணம்தான், இயேசுவை மேசியா என்று ஏற்காதவன் ஜெபம் எப்படிக் கேட்கப்படும் என்பது. யூதர்கள் மட்டுமா, பாப்டிஸ்டுகளிலேயே பலர் கொதித்துப்போனார்கள். லூக்கா சுவிசேஷமே ஒரு யூத ஆசாரியனிடம் "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது" என்று தூதன் சொல்வதில்தானே ஆரம்பிக்கிறது. அப்போது இயேசு பிறக்கவே இல்லை என்பீர்கள், தெரியும்.

சீர்திருத்த சபையில் ரொம்பக் கறாரான ஆள் என்று பேர் எடுத்த கால்வினே இந்த விஷயத்தில் இளகித்தான் எழுதுகிறார். ஜெபத்தைப் பற்றிய அதிகாரத்தில் சங்கீதம் 107-ஐக் காட்டி, ஆபத்தில் அலறுகிற அவிசுவாசிகளின் கூப்பிடுதலுக்கும் தேவன் பலன் கொடுக்கிறார், அது அந்த ஜெபம் அவருக்குப் பிரியம் என்பதால் அல்ல, தம்முடைய இரக்கத்தைக் காட்டவும் மெய்யாய்க் கேட்கிறவர்களுக்கு ஊக்கம் வரவும்தான் என்கிறார். கால்வின் வழி வந்த சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இன்னும் வேடிக்கை: மறுபிறப்பு அடையாதவர்கள் செய்யும் நற்கிரியை தேவனுக்குப் பிரியமாகாது, ஆனால் அதைச் செய்யாமல் விடுவது அதைவிடப் பெரிய பாவம் என்கிறது. இந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அத்தையை ஜெபிக்காதே என்று சொல்ல எவனுக்கும் வழியில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, அத்தையை அவிசுவாசி என்று தீர்மானித்தது யார்? பேரனுக்காக இயேசுவின் பேரைச் சொல்லி விடிய விடிய அழுதவர். யூத குலத்தில் சேராத கானானிய ஸ்திரீ மகளுக்காகக் கத்தினபோது சீஷர்கள் அவளை அனுப்பிவிடத்தான் பார்த்தார்கள். கடைசியில் "உன் விசுவாசம் பெரிது" என்று இயேசு சொன்னது அவளிடம், சீஷர்களிடம் அல்ல.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நாகை பிரதர், அத்தை கார்த்திகையில் வேளாங்கண்ணி போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், திருநாள் கூட்டம் இல்லாத சமயம் என்பதால் வசதி என்கிறார். சிலுவை பிரதர், என் இரண்டாவது கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அவரைக் குடும்ப ஜெபத்தில் உட்கார வைக்கலாமா, கூடாதா? அவர் வாய்விட்டு ஜெபித்தால் ஆமென் சொல்லலாமா?

சிலுவை_மட்டும்:

உட்கார வைக்கலாமா என்று கேட்கவே வேண்டாம், கூப்பிட்டு உட்கார வையுங்கள். கொரிந்து சபைக் கூட்டத்துக்குள் அவிசுவாசி வந்தால் என்ன நடக்கும் என்று பவுல் 1 கொரிந்தியர் 14-இல் எழுதுகிறான், வரக்கூடாது என்று அங்கே இல்லை, அவனுக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள் என்றுதான் இருக்கிறது. ஆமென் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். இயேசுவிடம் கேட்டால் ஆமென் சொல்லுங்கள். முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டால் சொல்லாதீர்கள், ஆனால் அதற்காக முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். அப்புறம் நீங்கள் ஜெபிக்கும்போது அவர் பெயரைச் சொல்லி, அவர் காதுபட ஜெபியுங்கள்.

நாகை_கடலோரம்:

கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும், நாகப்பட்டினம் பக்கம் புயலும் வரும். பொங்கல் முடிந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். அத்தையோடு நீங்களும் வருகிறீர்கள்தானே?

பழைய_ஏற்பாட்டு_வாசகன்:

சி.எஸ்.ஐ. ஆளை மாதா கோயிலுக்குக் கூப்பிடுகிறார், இப்போதுதான் சபைச் சண்டை ஆரம்பிக்கப்போகிறது. நான் கிளம்புகிறேன்.