சென்னை சி.ஐ.டி. நகர் தெருக் குழு: மழை இல்லாம ஓடுற வடிகால்

[காலை 7.12] செயலாளர்: எல்லாருக்கும் வணக்கம். மழை பெஞ்சு பத்து நாளாச்சு. ஆனா 11-ம் நம்பர் வாசல்ல இருந்து மழைநீர் வடிகால்ல நுரையோட தண்ணி ஓடிட்டே இருக்கு. மாநகராட்சிக்குப் புகார் போடறதுக்கு முன்னாடி நம்ம வீடுங்களைப் பாத்துடலாமா?

[7.20] 16 சார்: பாத்தே ஆகணும். குடிநீர் பைப் உடைஞ்சாலும் வடிகால்ல தண்ணி ஓடும், ஆனா நுரை வராது. நுரைன்னா துணி தோய்ச்ச தண்ணி, இல்ல பாத்ரூம் தண்ணி.

[7.24] 9 மாமி: சாக்கடையும் வடிகாலும் கடைசில ஒண்ணாத்தானே சேருது சார்?

[7.31] 16 சார்: இல்ல மாமி, குழப்பமே அங்கதான். பாதாள சாக்கடை குடிநீர் வாரியத்தோடது. பம்பிங் ஸ்டேஷன் வழியா கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி மாதிரி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது, அதுக்கு நடுவுல சுத்திகரிப்பே கிடையாது. நம்ம வடிகால் மாம்பலம் கால்வாய், அங்கேருந்து அடையாறு, அப்புறம் முகத்துவாரம், கடல். வாசல்ல விடுற சோப்புத் தண்ணி அப்படியே ஆத்துக்குத்தான் போகுது.

[7.40] பிளம்பர் அண்ணன்: பெரும்பாலும் மாட்டுறது வாஷிங் மெஷின்தான் சார். பால்கனில வெச்சு, ஓஸை அங்க இருக்கற ஓட்டைல விட்டுடறாங்க. அந்த ஓட்டை மொட்டை மாடி மழைக் குழாயோட சேந்திருக்கும், அது வழியா வடிகாலுக்குப் போயிடும்.

[7.42] 22 மாடி வீடு: அப்ப எங்க வீடும் டவுட்தான் 😬 எப்படிக் கண்டுபிடிக்கறது?

[7.50] 16 சார்: கேசரி பவுடர் மாதிரி சாப்பாட்டுக் கலர் போதும். ஒரு பக்கெட் தண்ணில அரை டீஸ்பூன் கரைச்சு ஊத்துங்க, பின்னாடியே ரெண்டு பக்கெட் வெறும் தண்ணி. கக்கூஸ், பாத்ரூம், சமையல் தொட்டி, மெஷின் ஓட்டை எல்லாத்தையும் ஒரே நேரத்துல பண்ணாதீங்க, எது எங்க போச்சுன்னு தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் கால் மணி நேரம் இடைவெளி. மதியம் 2 மணிக்கு மேல பண்ணா தெருவுல தண்ணி ஓட்டம் கம்மி, கலர் நல்லாத் தெரியும்.

கலர் உங்க வீட்டு சேம்பர்ல (சாக்கடை பைப் சேர்ற மூடி போட்ட தொட்டி) வந்தா சரி. வடிகால் ஜல்லடை வழியா டார்ச் அடிச்சுப் பாக்கும்போது வந்தா தப்பு. ரெண்டுலயும் வரலைன்னா நடுவுல பைப் உடைஞ்சிருக்கு, இல்ல அடைச்சிருக்கு.

[7.53] பிளம்பர் அண்ணன்: சேம்பர் மூடியைத் தெறந்துட்டு அஞ்சு நிமிஷம் தள்ளி நில்லுங்க. கேஸ் இருக்கும், தலையை உள்ள நீட்டாதீங்க. தெரு மேன்ஹோலை யாரும் தொட வேணாம். பாதுகாப்புக் கருவி இல்லாம சுத்தம் பண்ண ஆளை இறக்கறது, கையால மலம் அள்ளற வேலையைத் தடுக்கற 2013 சட்டப்படி குற்றம். குடிநீர் வாரியத்தோட 1916-க்குச் சொன்னா, தண்ணியை வேகமா அடிச்சு அடைப்பு எடுக்கற ஜெட்டிங் வண்டி வரும்.

[8.05] 22 மாடி வீடு: மெஷின்தான்னு தெரிஞ்சா என்ன பண்ணணும் அண்ணா?

[8.14] பிளம்பர் அண்ணன்: தனியா ஒண்ணரை இன்ச் பைப் இறக்கி, பாத்ரூம் தண்ணி விழற கல்லி ட்ராப்ல சேக்கணும். நேரா சேம்பர்ல சேத்தா நாத்தம் மேல ஏறும், ட்ராப்ல நிக்கற தண்ணிதான் அதைத் தடுக்குது. தரைல போற 4 இன்ச் பைப்புக்கு வாட்டம் 4 அடிக்கு 1 இன்ச். ரொம்பச் சரிவா வெச்சாலும் வம்பு, தண்ணி ஓடிடும், கசடு தங்கிடும். ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கு ஓஸ் முனை தரைலேருந்து 2, 3 அடி ஒசரத்துல இருக்கணும். கீழ கெடந்தா தண்ணி புடிக்கப் புடிக்க வெளிய போயிட்டே இருக்கும்.

[8.20] 9 மாமி: மொட்டை மாடி மழைத் தண்ணியைச் சாக்கடைல விட்டா மட்டும் பரவாயில்லையா? அது சுத்தமான தண்ணிதானே.

[8.29] 16 சார்: அதுவும் கூடாது மாமி. 1000 சதுர அடி மாடில 1 செ.மீ. மழை பெஞ்சா சுமார் 930 லிட்டர். தெருவுல 30 வீடு இப்படி விட்டா சாக்கடைக் குழாய் தாங்காது. மேன்ஹோல் பொங்கும், பொங்கினது வடிகால்ல எறங்கும், கடைசில அதே ஆறு. மாடித் தண்ணி மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகணும், நிரம்பி வழியறது மட்டும் வடிகாலுக்கு. ஐப்பசிக்கு முன்னாடி குழில மேல இருக்கற மணலை எடுத்து அலசிப் போடுங்க. சேறு படிஞ்ச குழி தண்ணியை உறிஞ்சாது.

[8.41] 5 அக்கா: எண்ணெயைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. அப்பளம் பொரிச்ச எண்ணெய் மேல வெந்நீர் ஊத்தி விட்டா கரைஞ்சு போயிடும்னு நெனச்சுட்டு இருக்காங்க.

[8.46] பிளம்பர் அண்ணன்: கரையாது அக்கா. பத்தடி தள்ளிப் போய் ஆறினதும் பைப் சுவத்துல ஒட்டும், அது மேல சோறு, டீத்தூள், முடி எல்லாம் புடிக்கும். அப்புறம் மேன்ஹோல் பொங்கற கதைதான்.

[8.52] 5 அக்கா: அதேதான். ஆறினதும் பாட்டில்ல ஊத்தி மூடிடுங்க. வாணலியைப் பழைய பேப்பரால துடைச்சுட்டு அப்புறம் கழுவுங்க, பாதி சோப்பு மிச்சம். பாட்டிலைத் தள்ளுவண்டிக் கடைக்கு மட்டும் குடுக்காதீங்க, திரும்ப நம்ம தட்டுக்கே பஜ்ஜியா வரும் 😄

[9.03] செயலாளர்: 14-ல டைல்ஸ் வேலை நடக்குது. வெட்டற தண்ணி வெள்ளையா வடிகால்ல போகுதே?

[9.08] 16 சார்: நிறுத்தச் சொல்லுங்க. சிமெண்ட் பால் அடில படிஞ்சு கல்லாயிடும், அப்புறம் உடைச்சுத்தான் எடுக்கணும். கொத்தனார் மணல் குமி பக்கத்துல சின்னக் குழி வெட்டி அதுல சட்டி, கரண்டி கழுவட்டும். காஞ்சதும் கட்டடக் குப்பையோட போகலாம்.

[9.11] 9 மாமி: நாத்தத்துக்கு வடிகால்ல பினாயில் ஊத்தலாமா?

[9.13] 16 சார்: வேணாம் மாமி. கொஞ்ச நேரம் வாசனை, அப்புறம் அதுவும் கால்வாய்லதான். தப்பு இணைப்பை எடுத்தா நாத்தம் தானா போகும்.

[9.20] செயலாளர்: சரி, ஞாயித்துக்கிழமை மதியம் 2 மணி. 9-க்குச் சிவப்பு, 11-க்கு ஆரஞ்சு, 22-க்குப் பச்சை. நம்ம வீட்டுக் கலர் எதுவும் வடிகால்ல வரலைன்னா மட்டும் மாநகராட்சியோட 1913-ல புகார் போடறேன்.

[9.22] 9 மாமி: பச்சை என்கிட்ட இல்ல. 22, நீ கடைல வாங்கிக்கோம்மா.