மார்ட்டின்ஸ்வில் சுவர்: நாஸ்கார் ரேஸை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ராலே புதுசு

ஆபீஸில் ஒரு கூட்டம் வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் நடக்கும் நாஸ்கார் ரேஸுக்குக் கிளம்புகிறது, என்னையும் கூப்பிடுகிறார்கள். நாஸ்கார் என்றால் இங்கே அமெரிக்காவில் ஸ்டாக் கார், அதாவது சாதாரண கார் உருவத்தில் இருக்கும் ரேஸ் கார், ஓட்டும் பந்தயமாம். எனக்குத் தெரிந்த ரேஸ் எஃப்1 மட்டும்தான். "இடது பக்கமே திரும்பிக்கிட்டு இருக்கிறதைப் பார்க்க காசு கொடுத்துப் போகணுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. நேரில் போனவர்கள் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்களேன். வீடியோவெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்.

நாலாம் வளைவு

2022 அக்டோபர் 30 அன்று நான் அங்கே இருந்தேன். பெயரைப் பார்த்தே எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று புரிந்திருக்கும்.

முதலில் இடத்தைப் பற்றி. சுற்றளவு 0.526 மைல். நாஸ்கார் அமைப்பு தொடங்குவதற்கு முந்தைய வருடமே, 1947-இல், மண் தடமாகத் திறந்தது. இரண்டு பக்கமும் 800 அடி நேர்பாதை, இரண்டு முனையிலும் கொண்டை ஊசி வளைவு. அதனால்தான் 'பேப்பர் கிளிப்' என்று பட்டப்பெயர். நேர்பாதைக்குத் தார், வளைவுக்கு கான்கிரீட். சாய்வு 12 டிகிரிதான். டேடோனா மாதிரி பெரிய டிராக்கில் போல ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே சுற்றிவர முடியாது. ஒவ்வொரு முனையிலும் பிரேக்கை ஏறி மிதிக்க வேண்டும், பிறகு உருண்டு திரும்பி மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். இப்படி 500 சுற்று. வெளிச்சம் குறைந்த பிறகு வளைவுக்குள் நுழையும் கார்களின் சக்கரங்களுக்குள்ளே பாருங்கள், பிரேக் வட்டு சிவந்து தெரியும். டயரிலிருந்து உதிரும் ரப்பர் சுருள்கள் கம்பிவேலியைத் தாண்டி நம் மேலேயே விழும். என் எலுமிச்சை சாத டப்பாவுக்குள் ஒன்று விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

சாதம் எப்படி உள்ளே போனது என்று கேட்பீர்கள். நாஸ்கார் டிராக்குகளில் சின்ன கூலர் பெட்டியில் நம் சாப்பாட்டை எடுத்துப் போகலாம். இந்த நாட்டில் வேறு எந்தப் பெரிய விளையாட்டிலும் இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

இனி ரேஸ். அந்த வருட விதிப்படி சாம்பியன்ஷிப்புக்கு 16 பேர் தகுதி பெறுவார்கள், மூன்று ரேஸுக்கு ஒருமுறை நாலு பேர் கழிவார்கள். கடைசியில் மிஞ்சும் நாலு பேர் ஃபீனிக்ஸில் நடக்கும் கடைசி ரேஸில் மோதுவார்கள். அந்த நாலு பேரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவர் சாம்பியன். எட்டு நாலாகும் நாள்தான் அந்த மார்ட்டின்ஸ்வில் ஞாயிறு. ஜோயி லொகானோ முன்பே ஒரு ரேஸ் ஜெயித்து உள்ளே போயிருந்தார். மிச்ச மூன்று இடத்துக்குத்தான் அடிதடி.

டென்னி ஹாம்லின் வர்ஜீனியாக்காரர். அதுவரை அந்த டிராக்கில் ஐந்து முறை ஜெயித்தவர். அன்றும் இருநூறு சுற்றுக்கு மேல் முன்னணியில் ஓடினார். சொந்த மாநிலம் என்று கைதட்டுவார்கள் என்று நினைத்தால், அறிமுகத்தின்போது கூட்டத்தில் பாதி "ஊ" என்று கத்தியது. ராஸ் சாஸ்டெயின் ஃப்ளோரிடாக்காரர், குடும்பமே தலைமுறை தலைமுறையாகத் தர்ப்பூசணி விவசாயம். ஜெயித்தால் கார் மேல் ஏறி நின்று தர்ப்பூசணியைத் தரையில் போட்டு உடைப்பார். இந்த இரண்டு பேருக்கும் அந்த சீசன் முழுக்க ஆகவில்லை. ஜூனில் கேட்வே டிராக்கில் சாஸ்டெயின் ஹாம்லினை இடித்தார், ஜூலையில் போக்கனோ டிராக்கில் ஹாம்லின் சாஸ்டெயினைச் சுவரோடு நெருக்கினார். அந்தக் கணக்கு அப்படியே இருந்தது.

கடைசிக் கட்டத்தில் எல்லோர் கண்ணும் கிறிஸ்டோபர் பெல் மேல்தான். ஜெயித்தால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு என்ற நிலை அவருக்கு. மூன்று வாரம் முன்னால் ஷார்லட்டிலும் அதே நிலையில் ஜெயித்திருந்தார். பழைய டயரிலேயே தாக்குப்பிடித்த சேஸ் பிரிஸ்கோவைத் தாண்டி பெல் முன்னால் போனதும் ஸ்டாண்டே எழுந்து நின்றது. ஒரு இடம் முன்னேறினால் ஒரு புள்ளி. மிச்சமிருந்த கடைசி இடத்துக்கு ஹாம்லினைவிட இரண்டு புள்ளி குறைவாகச் சாஸ்டெயின் பத்தாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் வரிசையில் எத்தனை பேர் கவனத்தில் இருந்ததோ தெரியாது. டிரைவர்களின் ரேடியோ பேச்சைக் கேட்கும் ஸ்கேனர் மாட்டியிருந்த பக்கத்து சீட் பெரியவர் மட்டும் "இரண்டு இடம் வேணும், இரண்டு இடம் வேணும்" என்று தனக்குள் முனகிக்கொண்டிருந்தார்.

பெல் முதலாவதாக முடித்துக் கொடியை வாங்கினார். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். தகரக் கொட்டகையை ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது போல. திரும்புவதற்குள் ஒரு கார் சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மற்ற கார்கள் வளைவுக்குள் ஊர்வது போலத் தெரிந்தது, இது மட்டும் நேர்பாதை வேகத்தில். ஆக்சிலரேட்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது, மோதப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. மோதவில்லை. ஐந்து காரைத் தாண்டிக் கோட்டைக் கடந்தது. ஐந்தாவது கார் ஹாம்லினுடையது, அதுவும் கோட்டருகே! சுவரோடு வந்தது சாஸ்டெயின். அவர் உள்ளே, ஹாம்லின் வெளியே.

இரண்டு மூன்று விநாடி ஸ்டாண்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெரிய திரையில் மறுபடி போட்டார்கள். அப்புறம் எழுந்த சத்தத்தில் பெல் ஜெயித்ததையே மறந்துவிட்டார்கள், பாவம். அந்தக் கடைசிச் சுற்று 18.845 விநாடி. 2014-இல் தகுதிச் சுற்றில் லொகானோ, தனியாக, புது டயரில் போட்ட 18.898-தான் அதுவரை ஸ்டாக் காருக்கு அங்கே சாதனை. ஐந்நூறாவது சுற்றில், தேய்ந்த டயரில், வலப்பக்கம் முழுக்கச் சுவரில் தேய்த்தபடி அது போனது.

இரண்டாம் வளைவைத் தாண்டும்போது சாஸ்டெயின் ரேடியோவில் "இன்னும் இடம் தேவையா?" என்று கேட்டாராம். தேவை என்று பதில் வந்ததும் ஐந்தாவது கியரைப் போட்டு மிதித்துவிட்டு, ஸ்டீயரிங்கையும் ஏறக்குறைய விட்டுவிட்டேன் என்று பிறகு சொன்னார். சிறுவயதில் தம்பியோடு வீடியோ கேமில் செய்த வித்தையாம். சுவரில் நாலாம் வளைவுப் பக்கம் ஒரு கேட் இருக்கிறது. அதில் மட்டும் மாட்டிவிடக்கூடாது என்று நினைத்தாராம். அந்தக் கேட் என் சீட்டிலிருந்து நன்றாகத் தெரியும். இப்போது அதைப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

திருப்பூர் மெக்கானிக்

அண்ணே, கதை சூப்பர். ஆனா அது டிரைவிங்கே இல்லைங்கறது என் கட்சி. வளைவுல காரைத் திருப்புறது டயரோட பிடிப்பு. அந்தப் பிடிப்புக்கு ஒரு அளவு இருக்கு, அதுக்காகத்தான் எல்லாரும் பிரேக் போடறாங்க. இவரு டயரோட வேலையைச் சுவர்கிட்ட குடுத்துட்டாரு. திருப்புறது சுவர், இவரு மிதிக்க மட்டும்தான் செஞ்சாரு. அப்புறம் திறமை எங்க இருக்கு?

இன்னொண்ணு. பழைய தகர பாடி காரா இருந்தா ஃபெண்டர் மடிஞ்சு டயரை அறுத்து, பாதியிலயே நின்னுருக்கும். 2022-ல வந்த புது காருக்கு கலவைப் பொருள்ல செஞ்ச பாடி, வளைஞ்சாலும் திரும்ப நிமிரும். அதனால தப்பிச்சாரு. அதே கார் பின்பக்கம் ரொம்ப விறைப்புன்னு அந்த வருஷம் பெரிய புகார் ஓடிச்சு. போக்கனோல தலையில அடிபட்ட டிரைவர் கர்ட் புஷ் அதுக்கப்புறம் முழுநேரமா ஓட்டவே இல்ல. அந்தச் சூழ்நிலைல ஒருத்தர் வேணும்னே சுவர்ல சாயறதைக் கைதட்டி ரசிக்க எனக்கு மனசு வரல.

நாலாம் வளைவு

தம்பி, இன்னொரு டிரைவர் கைல் லார்சனும் அன்றே உங்கள் கட்சிதான் பேசினார், இது விளையாட்டுக்கு அவமானம் என்ற தோரணையில். ஆனால் 2021-இல் டார்லிங்டனில் கடைசிச் சுற்றில் ஹாம்லினைப் பிடிக்கச் சுவரை உரசிக்கொண்டு போனவர் அதே லார்சன்தான். அவருக்குப் பலிக்கவில்லை, அவ்வளவே.

அப்புறம் இதைத் தடை செய்தது சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. 2023 ஜனவரி கடைசியில் நாஸ்கார் அதற்கென்று புது விதி எழுதவில்லை, ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பு விதியிலேயே அடங்கும், இனி செய்தால் நேர அபராதம் என்று சொல்லிவிட்டது. எல்லோரும் செய்ய ஆரம்பித்தால் கம்பிவேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் நிலைமை என்ன? ஆனால் முதல்முறை செய்தவனின் துணிச்சலைத் திறமை இல்லை என்று தள்ள முடியாது. சுவர் எழுபத்தைந்து வருடமாக அங்கேயேதான் இருந்தது.

ரோவனோக் அம்மா

சுவர் கதை அதோட முடியலையே. 2024 நவம்பர் 3, அதே டிராக், அதே கட்டம், எட்டு நாலாகுற ரேஸ். ரோவனோக்லேர்ந்து ஒரு மணி நேரம்தானேன்னு நாங்க குடும்பமா போனோம். என் பையன் பெல் ரசிகன், 20-ஆம் நம்பர் தொப்பி.

ரேஸை ரயன் பிளேனி ஜெயிச்சாரு. அவருக்கும் ஜெயிச்சாதான் உண்டுங்கற நிலைமை, போராடி வாங்கினாரு. ஆனா நாங்க பார்த்தது பின்னாடி நடந்த கூத்தை. கடைசி இடத்துக்கு வில்லியம் பைரனுக்கும் பெல்லுக்கும் போட்டி. பைரன் ஷெவர்லே, பெல் டொயோட்டா. பைரன் ஆறாவதா ஓடிக்கிட்டு இருக்காரு, இன்னும் ஒரு இடம் போனா ஆட்டம் க்ளோஸ். அவருக்குப் பின்னாடி அதே கம்பெனி கார் ரெண்டு, ஷெவர்லே, அரண் மாதிரி பக்கத்துல பக்கத்துலயே வருது, முந்தவும் இல்ல, வழி விடவும் இல்ல. ஒண்ணு ஆஸ்டின் தில்லன். இன்னொண்ணு யாருன்னு நினைக்கிறீங்க? சாஸ்டெயினேதான்! அந்தப் பக்கம் பெல்லோட கம்பெனி காரான பப்பா வாலஸோட டொயோட்டா திடீர்னு மெதுவாச்சு, பெல் அவரைத் தாண்டினாரு. புள்ளி சமம், சமமானா பெல்லுக்குத்தான் இடம். ஆனா அந்தக் கடைசி வளைவுல பெல் மேல வழுக்கிப் போயி சுவர்ல ஒட்டி, அப்படியே உரசிக்கிட்டு கோட்டுக்கு வந்துட்டாரு.

என் பையன் குதிக்கிறான். பக்கத்துல இருந்தவங்க தலையாட்டறாங்க, "சுவர், சுவர்"ங்கறாங்க. அப்புறம் காத்திருக்க ஆரம்பிச்சோம். அரை மணி நேரம் கிட்ட எந்த அறிவிப்பும் இல்ல. கீழ பிட் ரோட்ல ரெண்டு அணிக்காரங்களும் ஆளுக்கொரு மூலைல ஃபோனைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. ஜெயிச்ச பிளேனிக்கு அந்த ஊர் வழக்கப்படி ஆளுயரக் கடிகாரம் பரிசு. 1964-லேர்ந்து அதுதானாம் கோப்பை. அவரு கடிகாரத்தோட நிக்கிறாரு, ஸ்டாண்ட்ல யாரும் அந்தப் பக்கம் பார்க்கல. கடைசில தீர்ப்பு வந்துச்சு. சுவர்ல ஓட்டினது பாதுகாப்பு விதி மீறல், பைரன் உள்ளே, பெல் வெளியே.

வேணும்னு செய்யல, வழுக்கிட்டுதுன்னு பெல் சொன்னாரு. நான் பார்த்த வரைக்கும் சாஸ்டெயின் மாதிரி நேர்பாதைலேயே முடிவெடுத்து வந்த மாதிரி தெரியல. ஆனா விதிக்கு மனசு தெரியாதே. என் கோபம் வேற. அரண் கட்டினவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் ஆகல. ரெண்டு நாள் கழிச்சுதான் வாலஸ் அணியையும் சேர்த்து மூணு அணிக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், டிரைவருக்கும் தனியா ஒரு லட்சம், 50 புள்ளி வெட்டு, கூடவே அதிகாரிகளுக்கு சஸ்பென்ஷன். ஆனா பைரன் ஃபீனிக்ஸ் போயாச்சு. அங்க ஜெயிச்சு சாம்பியன் ஆனது லொகானோ. 2022-லயும் அவருதான்.

கார்ல வரும்போது பையன் கேட்டான், "அம்மா, 2022-ல சாஸ்டெயின் செஞ்சா ஹீரோ, இவர் செஞ்சா தப்பா?" நடுவுல தடை வந்துடுச்சுடான்னேன். அவன் ஒத்துக்கல. மவுன்ட் பிளசன்ட் கடை வர்ற வரைக்கும் பேசவே இல்ல.

ஷார்லட் ஐடி

மார்ட்டின்ஸ்வில் கிடைக்காவிட்டால் எங்கள் ஊர் ஷார்லட்டில் நடக்கும் 600 மைல் ரேஸுக்கு வாருங்கள். ஒன்றரை மைல் டிராக், 400 சுற்று, சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரை. நினைவு நாள் வார இறுதி என்பதால் ஒவ்வொரு காரின் முன் கண்ணாடி மேலும் போரில் இறந்த ஒரு வீரரின் பெயர் இருக்கும். நான் போனது 2023-இல். ஞாயிறு மழை, ரேஸ் திங்களுக்குத் தள்ளிப்போனது. பிளேனி ஜெயித்தார், அந்த வருட சாம்பியனும் அவரே. நேர்பாதையில் சேஸ் எலியட் ஹாம்லினின் பின்பக்கத்தைத் தட்டிச் சுவரில் அனுப்பியது அன்றுதான். ஒரு ரேஸ் தடை வாங்கினார். (ஹாம்லின் பெயர் வராத சண்டை இந்த இழையில் ஏதாவது இருக்கிறதா?) ஆனால் ஒன்று, 600 மைல் நீளம். நடுவில் ஒரு மணி நேரம் எதுவும் நடக்காது. குழந்தைகளோடு போனால் யோசித்துக்கொள்ளுங்கள்.

ராலே புதுசு

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் படித்துக் காட்டினேன், டிக்கெட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, மூன்றாகவே. பையனுக்கு ஆறு வயது. சத்தம் தாங்குமா? சைவத்துக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா?

நாலாம் வளைவு

சத்தம் தாங்காது. பஞ்சு, சின்ன இயர்பிளக் போதாது, காதை முழுக்க மூடும் மஃப் வாங்குங்கள், வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள். மேல் வரிசை சீட் எடுங்கள். கீழே உட்கார்ந்தால் கம்பிவேலியும் ரப்பர் மழையும்தான், எதிர்ப்பக்க நேர்பாதை தெரியாது. அங்கே தண்டவாளமும் ஓடுகிறது, ரேஸ் நடுவில் சரக்கு ரயில் போனால் பையனுக்கு இன்னொரு வேடிக்கை. ஸ்கேனர் ஒன்று வாடகைக்கு எடுத்து, பிடித்த ஒரு டிரைவரை மட்டும் கேளுங்கள். எல்லோரையும் மாற்றி மாற்றிக் கேட்டால் ஒன்றும் விளங்காது.

மார்ட்டின்ஸ்வில்லின் பெருமையே ஹாட் டாக்தான். சிவப்பு சாசேஜ், மேலே சில்லி, கோஸ், வெங்காயம், எண்ணெய்த்தாளில் சுற்றித் தருவார்கள். உங்களுக்கு ஆகாது. புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், மூடி இறுக்கமான டப்பாவில்.