புதுப்பிப்பு: மேனேஜர் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது

பெருந்துறையில் எங்கள் மெஸ்ஸுக்குப் புது மேனேஜர் வருகிறார் என்று எழுதியிருந்தேன். பழையவர் விலகி எதிரிலேயே கடை போட்ட எரிச்சலில், ‘விலகினால் 2 ஆண்டு ஈரோடு மாவட்டத்தில் ஓட்டல் வேலை கூடாது’ என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தேன்.

வக்கீல் படித்ததுமே அந்த வரியை அடித்துவிட்டார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, விலகியவரின் பிழைப்பைத் தடுக்கும் ஷரத்து செல்லாது. முத்திரைத்தாளில் எழுதினாலும்தான். ஆனால் எங்களிடம் வேலையில் இருக்கும்போது இன்னொரு கடையிலும் வேலை பார்க்கக்கூடாது என்று எழுதலாம். மசாலா அளவு, சப்ளையர் விலையை வெளியே சொல்லக்கூடாது என்றும் சேர்த்தோம்.

சொல்லாமல் வேலையை விட்டு நின்றால் அவர் ஒரு லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று போட்டிருந்தேன். 74ஆம் பிரிவில் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை வெறும் உச்சவரம்பு என்றார். சரி, இரு தரப்புக்கும் ஒரு மாத நோட்டீஸ், இல்லாவிட்டால் ஒரு மாதச் சம்பளம் என மாற்றினோம்.

அப்புறம் புது மேனேஜரே கேட்டார்: “ஏனுங்க, கல்லாவுல குறைஞ்சா என் சம்பளத்துல புடிப்பீங்களா?” நான் யோசிக்காத இடம். இனி ராத்திரி நாங்கள் இருவரும் கல்லாப் பணத்தை எண்ணி, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகே சாவி கை மாறும்.

அவர் விட்டுப் போகாமலிருக்க அவருடைய அசல் சான்றிதழை வாங்கி வைக்கச் சொன்னவர்களுக்கு: வாங்கவில்லைங்க.