நெத்தலி லேபிளும் லினக்ஸும்

திருக்கடலூரான்:
கருவாட்டுக் கடைக்கு 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) தெர்மல் லேபிள் பிரிண்டர், சூட்டால் அச்சிடுவது, வாங்கினேன். லேபிள் 50×30 மில்லிமீற்றர். உபுண்டு லினக்ஸில் ஒன்று அடித்தால் பின்னாலேயே நான்கு வெற்று லேபிள்களைத் துப்புகிறது. பேசாமல் விண்டோசுக்கே போய்விடவா?

சல்லிக்கரை:
போகாதீர்கள் தம்பி. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸில் (CUPS) தாள் அளவு 4×6 அங்குலமாகக் கிடக்கிறது. ஆறு அங்குலம் 152 மில்லிமீற்றர்; உங்கள் சுருளில் ஐந்து லேபிள் ஓடத்தானே செய்யும்? 50×30 என்று தனி அளவு கொடுங்கள்.

கிண்ணியாவாசி:
கப்ஸே வேண்டாம். பிரிண்டருக்கு டிஎஸ்பிஎல் (TSPL) என்ற லேபிள் கட்டளை மொழி புரியுமென்றால் அளவு, இடைவெளி, எழுத்து, அச்சிடு என்று ஐந்தாறு வரியை நேரே யூஎஸ்பிக்கு அனுப்பலாம். பிரிண்டருக்கு நேரே எழுத அனுமதியுள்ள எல்பி (lp) குழுவில் பயனரைச் சேர்த்தால் போதும். எனக்குத் தந்த டிரைவர் இன்டெல் கணினிக்கு மட்டும் தொகுத்தது. வேறு வகைச் சில்லுள்ள ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் அசையவே இல்லை.

சல்லிக்கரை:
அந்த வரியில் 'நெத்தலி' என்று தமிழில் அடித்துப் பார்த்தீர்களா? பிரிண்டரின் சொந்த எழுத்துருவில் தமிழ் ஏது? பிடிஎஃப் ஆக்கிக் கப்ஸுக்குக் கொடுத்தால் எழுத்துக் கோப்பதெல்லாம் கணினியிலேயே முடிந்துவிடும்.

கிண்ணியாவாசி:
தமிழைப் படமாக்கி அனுப்புகிறேன். 400×240 புள்ளி, 12,000 பைட், அவ்வளவுதான். முதல் நாள் பைதானின் பட நூலகமான பில்லோ, கொம்பை 'ந'வுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. எழுத்துகளை வரிசைப்படுத்திக் கோக்கும் ராக்ம் நூலகத்தைச் சேர்த்ததும் முன்னால் வந்தது. அடுத்ததாக லேபிள் முழுவதும் கரி, நடுவே வெள்ளை எழுத்து! டிஎஸ்பிஎல் படத்தில் 0தான் கறுப்பு. பிட்டுகளைப் புரட்டிப்போட்டேன்.

சல்லிக்கரை:
இத்தனை கூத்துக்குப் பெயர் எளிய வழியா? நாளைக்கு விலை மாறினால் கடையில் நிற்கும் பிள்ளை லிப்ரே ஆஃபீசில் திருத்தி அச்சிடுவாளா, கிண்ணியாவிலிருந்து உங்களை அழைப்பாளா?

கிண்ணியாவாசி:
அழைக்கட்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தாயிற்று, படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விலையை ஒரு கோப்பில் மாற்றினால் போதும்; அதைக்கூடவா அவளால் செய்ய முடியாது?

திருக்கடலூரான்:
கிண்ணியா நானா, அந்தப் பிள்ளை என் அம்மா. கப்ஸில் அளவைக் கொடுத்தேன், ஒன்றுதான் வந்தது. ஆனால் விலை அடுத்த லேபிளில் பாதி ஏறி நிற்கிறது.

கிண்ணியாவாசி:
அது லேபிள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கண்டுபிடிக்கும் சென்சாரின் வேலை. உங்கள் மாதிரியின் கையேட்டில் இடைவெளியை அளக்கவைக்கும் முறை இருக்கும். பெரும்பாலும் அணைத்துவிட்டு, ஃபீட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுப்பதுதான். லேபிள்களை வெயில்படும் இடத்தில் தொங்கவிடாதீர்கள், எழுத்து மங்கிவிடும்.

திருக்கடலூரான்:
செய்தேன். விலை தன் இடத்துக்கு வந்துவிட்டது. அம்மா இருபது லேபிள் அடித்துவிட்டார்.