‘கும்பா’வைத் தமிழ் வகுப்பில் திரையிடலாமா?

பீனிக்ஸ் ஆசிரியை:
வணக்கம். விடுமுறைக்கு முன், டர்பனின் பீனிக்ஸில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு படம் போட எண்ணியிருக்கிறோம். 2013இல் வெளிவந்த ‘கும்பா’வை நான் சொன்னேன். ஆந்தனி சில்வர்ஸ்டன் இயக்கத்தில் நம் தென்னாப்பிரிக்காவிலேயே, கேப்டவுனின் டிரிகர்பிஷ் நிறுவனம் எடுத்த அனிமேஷன் படம். உடம்பில் பாதிக்கு மட்டும் வரியோடு ஒரு வரிக்குதிரைக் குட்டி பிறக்கிறது. மழை பொய்த்ததும் பழி அதன் தலையில் விழுகிறது. வரிகளைத் தரும் நீர்நிலையைத் தேடி அது வேலி தாண்டிப் போகிறது. கொடிய சிறுத்தையோடு மோதுகிறது. பெற்றோர் சிலர் வேண்டாம் என்கிறார்கள். உங்கள் கருத்து?

உம்கேனிக் கரையான்:
வேண்டாம் என்பவர்களில் நானும் ஒருவன். உள்ளூர்ப் படம் என்கிறோம். நாயகன் வாயைத் திறந்தால் அமெரிக்கப் பையன் பேசுகிறான். சிறுத்தைக்கு லியாம் நீசன், தந்தைக்கு லாரன்ஸ் பிஷ்பர்ன். கரூ வறண்ட நிலத்தில் பிறந்த குட்டிக்கு இந்த மண்ணின் நாக்கு ஏன் வாய்க்கவில்லை? நம் பிள்ளைகள் வாரம் முழுவதும் ஆங்கிலத்திலேயே புழங்குகிறார்கள். போற்றி மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நாமோ தமிழுக்கென்று ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தையும் ஆங்கிலத்துக்கே தாரை வார்க்கப் போகிறோமா?

சாட்ஸ்வொர்த் பேரன்:
அண்ணா, நீங்கள் சொல்வது காதுக்குச் சரி. கண்ணுக்கு வேறு கதை இருக்கிறது. இந்தப் படத்தை என் ஆயாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பெயரைக் கேட்டதும் கூழ் குடிக்கும் கும்பா என்று நினைத்துச் சிரித்தார். ஜூலு மொழியில் ‘இசிகும்பா’ என்றால் தோல் என்று சொன்னேன், சிரிப்பு நின்றுவிட்டது.

படத்தில் மந்தையைச் சுற்றி வேலி. தண்ணீர் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்; வெளியே வந்து நிற்கும் விலங்குகளுக்குத் தாகம். அந்த இடத்தில் ஆயா சோறு பிசைந்துகொண்டிருந்த கையை அப்படியே வைத்துவிட்டார். 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. லாரியில் அம்மிக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். குழவியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இன்றும் எங்கள் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் அந்தக் குழவிதான் முட்டுக் கொடுக்கிறது. தோலைப் பார்த்து இடம் ஒதுக்கிய நாட்டில் எடுத்த படம் இது, அண்ணா. குரல் யாருடையதாக இருந்தால் என்ன? அந்த வேலி நம்முடையது.

மலையடிவாரத்தான், கேப்டவுன்:
செலவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய அனிமேஷன் படத்துக்குப் போட்ட பணம் உள்நாட்டுத் திரையரங்குகளால் மட்டும் திரும்பாது. வெளிநாட்டில் விற்கத் தெரிந்த பெயர்கள் தேவை. இதே நிறுவனத்தின் ‘ஜாம்பேசியா’வுக்கு (2012) சாமுவேல் எல். ஜாக்சன் குரல் கொடுத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: பாதி வரி என்பது வெறும் கற்பனை இல்லை. குவாகா என்னும் வரிக்குதிரை வகைக்கு முன்புறம்தான் வரி. பின்புறம் வெறும் பழுப்பு. வேட்டையாடியே இந்த நாட்டில் அதை ஒழித்தார்கள். கடைசிக் குவாகா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் செத்தது. அதைப் போன்ற தோற்றத்தை இனப்பெருக்கத்தின் வழியே மீட்கும் முயற்சி 1987 முதல் இங்கே நடக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் படம் போடாதீர்கள்.

உம்கேனிக் கரையான்:
தம்பி, ஆயாவின் கதை என்னை உலுக்கிவிட்டது. வேலியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், குரலைப் பற்றிச் சொன்னதை அல்ல. வழிகாட்ட ஒரு கும்பிடுபூச்சி வருகிறதே, இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்களின் பழங்கதைகளில் அது தெய்வத்தோடு சேர்ந்தது. அவர்கள் மொழிகளில் பல பேச ஆளின்றி அழிந்துவிட்டன. பூச்சியைக் கூப்பிட்டவர்கள் அந்த மொழியையும் கூப்பிட்டிருக்க வேண்டும். மொழி போனபின் மிஞ்சும் சின்னத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் வீடுகளிலும் காவடி இருக்கிறது, அதைச் சுமக்கும் பிள்ளைக்குக் காவடிச் சிந்தின் ஒரு வரி புரிவதில்லை. என் பயம் அதுதான்.

பீனிக்ஸ் ஆசிரியை:
ஐயா, உங்கள் பயம்தான் எனக்கும். அதனால் நேற்று ஒரு காட்சியை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டேன். குட்டியை மற்றக் குட்டிகள் கேலி செய்யும் இடம். பிள்ளைகளே தமிழில் பேச வேண்டும் என்றேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, “உனக்கு முன்னால் வரிக்குதிரை, பின்னால் வெறும் குதிரை!” என்றாள். வகுப்பே ஆர்ப்பரித்தது. ‘வரி’யும் ‘குதிரை’யும் தனித்தனிச் சொற்கள் என்பது பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

உம்கேனிக் கரையான்:
முழுப் படத்தையும் ஆங்கிலத்தில் போடுவதற்கு நான் இன்னமும் சம்மதிக்கவில்லை, அம்மா. ஆனால் அடுத்த சனிக்கிழமை சிறுத்தைக்குக் குரல் கொடுக்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.